படிச்சுக் காட்ட இருபது மார்க்

— ட்ரஸ்ட் ஃபார்ம்ல நூத்துக்கு இருபத்தெட்டு மார்க்தான், ரேணுகாக்கா! நாப்பது வரலைன்னா மாசக் கடைசியில இந்த ரீடிங் கிளப்பை மூடிடுவாங்க. புக்கெல்லாம் ஆவடி கிளப்புக்குப் போயிடும். நான் என்னதான் பண்றது, நீங்களே சொல்லுங்க.

— ஐயே, இன்னாத்துக்கு மேடம் மூடணும்? மழ பேஞ்சாலும் இருவத்திரெண்டு புள்ளைங்க வந்துகினு கீது. ஆவடில எத்தினி பேரு?

— பதினோரு பேர். ஆனா அவங்க ஃபார்மெல்லாம் சுத்தமா இருக்கு! உங்க அட்டெண்டன்ஸ் நோட்டைப் பாருங்க, நாளுக்கு ஒரு கையெழுத்து. "என்ன நிவேதிதா, இதெல்லாம் இட்டுக்கட்டினதா"ன்னு ட்ரஸ்ட்ல என்னைத்தான் கேப்பாங்க.

— புள்ளைங்க எழுதுது மேடம். எழுதிப் பழகட்டுமேன்னு உட்டுட்டேன்.

— சரி, அதை விடுங்க. புக்கை வகுப்பு வாரியா அடுக்கணும்னு மூணு தடவை சொன்னேன். நீங்க கலர் வாரியா அடுக்கி வெச்சிருக்கீங்க! செகப்பு ஒரு பக்கம், பச்சை ஒரு பக்கம். இது என்ன புடவைக் கடையா?

— இஸ்திரிக்காரி கை மேடம். துணி அடுக்குற மாரியே அடுக்கிட்டேன். பாக்க ஷோக்கா இல்ல?

— தலையில அடிச்சுக்கலாம் போல இருக்கு. எனக்கு ஆபீஸ் லீவே சனிக்கிழமைதான். கொரட்டூர்லேருந்து இந்த வெயில்ல மண்ணூர்பேட்டைக்கு வண்டி ஓட்டிட்டு வந்தா, நீங்க ஷோக்கா இருக்கான்னு கேக்கறீங்க! டெய்லி இருபது நிமிஷம் நீங்க பசங்களுக்குப் படிச்சுக் காட்டணும்க்கா. எட்டு மாசமாச்சு, ஒரு நாள்கூடப் படிக்கலை. நீங்க பாட்டுக்கு இஸ்திரி போடறீங்க, அவங்க பாட்டுக்குப் படிக்கறாங்க.

— நான் கேட்டுகினுதானே கீறேன்! "அப்பால இன்னா ஆச்சு, அவ ஏன் அழுவுறா"ன்னு கேப்பேன். சொல்லத் தெரிலன்னா திரும்பப் படிக்கணும். ரெண்டு வாட்டி, மூணு வாட்டி, புரியிற வரிக்கும்.

— அதுதான் எனக்கு எரிச்சலே! அத்தனை கிளப்லயும் உங்க பசங்கதான் நல்லாப் படிக்கறாங்க. ஆனா அதுக்கு ஃபார்ம்ல கட்டம் இல்லையே! நீங்க படிச்சுக் காட்டத்தான் இருக்கு, இருபது மார்க்.

— முந்தி கிளப்பப் பாத்துகினு இருந்த ஜஸ்டின் சார் வேல கெடச்சி பெங்களூர் போசொல்ல, சாவியக் கைல குடுத்து "தொறந்து மூடுனா போதும்க்கா"ன்னாரு. நானும் தொறந்து மூடிகினு கீறேன். இது வேறயா?

— ஆமா, இதுதான் இப்ப ஒரே வழி. இந்தாங்க புக்கு. முதல் பக்கம் மட்டும் படிங்க, ரெண்டே நிமிஷம். போன்ல வீடியோ எடுத்துக்கறேன். இருபது மார்க் வந்துடும், கிளப்பு பிழைச்சுடும்.

— இப்பவா? கண்ணாடி ஊட்டுல கீது மேடம்.

— போன தடவையும் கண்ணாடிதான். அதுக்கு முந்தி தொண்டை கட்டிக்கிச்சு. என்னக்கா பிடிவாதம் இது? உங்களுக்காகவா கேக்கறேன்? அந்த இருபத்திரெண்டு பசங்களுக்காக!

— கோச்சுக்காதீங்க மேடம். வெயில்ல வந்துகீறீங்க. மொதல்ல டீ வாங்கியாந்துர்றேன். எழிலு, மேடத்துக்கு ஃபேன் போடு.

— பாத்தியா எழில், உங்கக்கா நழுவறதை? நீயாவது எடுத்துச் சொல்லேன். எட்டாவது படிக்கிற பொண்ணு, கிளப்பு வேணுமா வேணாமா உனக்கு?

— வேணும் மிஸ். கத்தாதீங்க மிஸ், அக்கா காதுல உழும்.

— விழட்டும்! ரெண்டு நிமிஷம் படிச்சா என்ன கொறைஞ்சுடும்?

— அக்காவுக்கு எழுத்து தெரியாது மிஸ். அட்டைப் படத்தப் பாத்துதான் புக்கு எடுத்துக் குடுப்பாங்க.

— என்னது? யார் சொன்னா உனக்கு?

— யாரும் சொல்லல. மொத வாரமே எங்களுக்குப் புரிஞ்சிடுச்சு. அதான் ஒருத்தரும் லீவு போட மாட்டோம். நாங்க வரலன்னா மிச்சக் கதைய அக்காவுக்கு யாரு சொல்றது?

— எட்டு மாசமா... இருபத்திரெண்டு பேருக்கும் தெரியுமா?

— தெரியும். எங்களுக்குத் தெரியும்னு அக்காவுக்குத்தான் தெரியாது. அதோ டீயோட வர்றாங்க, போட்டுக் குடுத்துடாதீங்க மிஸ்.