ஒரு சனிக்கிழமையும் காலி இல்லை

அத்தான்: இன்னொரு தடவை அமுக்கிப் பாரேன்.

வாலு: இப்பத்தானே அமுக்கினேன்.

அத்தான்: அது அப்ப. இது இப்ப.

வாலு: அத்தான், இது லிஃப்ட் பட்டன் இல்ல, நாலு தடவை அமுக்கினா சீக்கிரம் வர்றதுக்கு. யாராவது புக் பண்ணினா தானா மணியடிக்கும். நீங்க மொதல்ல ஜன்னலுக்கும் கதவுக்கும் நடக்கிறதை நிறுத்துங்க. தரை தேயுது.

அத்தான்: வாடகைத் தரைதானே, தேயட்டும். மணி என்ன?

வாலு: நாலு பத்து. உங்க தலைக்கு மேலதான் கடிகாரம் தொங்குது.

அத்தான்: அதை நம்ப மாட்டேன். உங்க அக்கா வாங்கிக் கொடுத்தது, என்னை விரட்டுறதுக்குன்னே ஓடும். காலையில ஒம்பது மணிக்கு வெப்சைட்டைத் திறந்தோம். ஊர்ல பாட்டுக் கச்சேரி வேணுங்கிறவன் எல்லாம் வீட்ல இருந்தே புக் பண்ணலாம்னே. ஏழு மணி நேரம் ஆச்சு, ஒருத்தனும் பண்ணல. என்ன அர்த்தம்?

வாலு: இன்னும் அம்பது நிமிஷம் இருக்குன்னு அர்த்தம்.

அத்தான்: அப்புறம்?

வாலு: அப்புறம் அஞ்சு மணி. பழைய ஆபீசுக்கு நான் பதில் சொல்லியாகணும், திரும்ப வேலைக்கு வர்றேனா இல்லையான்னு. ஒரே ஒரு புக்கிங் வந்தாலும் இங்கயே இருந்து இதை நடத்துறேன். வரலைன்னா கடையை மூடிட்டு திங்கட்கிழமை ரயில் ஏறுறேன். இதை எத்தனை தடவை சொல்ல வைப்பீங்க?

அத்தான்: நீ போயிட்டா இதை யாரு பாத்துக்குவா? எனக்கு மவுசைப் பிடிச்சாலே கை உதறுது.

வாலு: உங்களுக்கு எதுக்கு இதெல்லாம்? இருபது வருஷமா பாட்டுக்காரங்களை மேடை ஏத்துற ஏஜெண்ட். சாப்பாட்டுத் தட்டுல கை வெச்சா போன், குளிக்கப் போனா போன்னு அக்கா ஊரெல்லாம் பெருமை அடிக்கிறா.

அத்தான்: ஆமா ஆமா... ஓயாத தொல்லை.

வாலு: இன்னைக்கு மட்டும் சத்தத்தையே காணோம்?

அத்தான்: சைலண்ட்ல போட்டிருக்கேன். உனக்குத் தொந்தரவா இருக்கக் கூடாதுன்னு.

வாலு: என்ன ஒரு கரிசனம்... அட, இருங்க. முந்நூத்திப் பன்னெண்டு பேர் வந்திருக்காங்க.

அத்தான்: எங்க? படிக்கட்டுலயா?

வாலு: வெப்சைட்டுக்கு அத்தான்!

அத்தான்: வந்து? துணிக்கடையில நாப்பது புடவையைப் பிரிக்கச் சொல்லிட்டு, வீட்ல கேட்டுட்டு வர்றேன்னு போற கூட்டமா?

வாலு: இல்ல. நாப்பத்தியொரு பேர் தேதி போட்டு, பேர் போட்டு, பட்டனும் அமுக்கியிருக்காங்க.

அத்தான்: அடி சக்கை! அப்ப நாப்பத்தியொரு புக்கிங் எங்க?

வாலு: நாப்பத்தியொண்ணையும் டேட்டாபேஸ் திருப்பி அனுப்பிடுச்சு.

அத்தான்: யாரு அந்த ஆளு? போன் நம்பரைக் கொடு, நான் பேசிக்கிறேன். இந்த ஊர்ல நான் பேசி மசியாத ஆளே கிடையாது.

வாலு: அது ஆள் இல்ல, பதிவேடு. உங்க டைரி மாதிரிதான். ஆனா கண்ணடிக்கத் தெரியாது. நான் அதுக்கு ஒரே ஒரு விதிதான் போட்டு வெச்சேன். ஒரு கலைஞர், ஒரு சாயங்காலம், ஒரு கச்சேரி. அன்னிக்கு ஏற்கனவே ஒண்ணு இருந்தா ரெண்டாவதை உள்ள விடாது.

அத்தான்: கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கப்பான்னா?

வாலு: பண்ணாது.

அத்தான்: ம்ம்... யாரு பெத்த பிள்ளையோ.

வாலு: என் தப்புதான். எங்கயோ தேதியைத் தலைகீழா படிக்குது. இல்லைன்னா வந்தவங்க அத்தனை பேருக்குமா 'காலி இல்லை'ன்னு வரும்? ஆறு தடவை சோதிச்சுப் பார்த்தேனே... நாலு இருபது ஆயிடுச்சு. ஐயோ, எங்க தப்பு, எங்க தப்பு...

அத்தான்: விடு வாலு. ரொம்பத் தோண்டாதே.

வாலு: தோண்டாம? நாப்பது நிமிஷத்துல என் பொழப்பு முடியப்போகுது, தோண்டாம உங்க முகத்தைப் பாத்துட்டு இருக்கட்டுமா? ஏன் வேர்க்குது உங்களுக்கு? ஃபேன் ஓடுதே.

அத்தான்: ஃபேன் ஓடுது, காத்து வரல... இதோ, போன்! பாத்தியா, நம்ம டிரம்மர் இடி கூப்பிடுறான். தொழில் அழைக்குது. ஹலோ! சொல்லு இடி, என்ன இந்த நேரத்துல...

வாலு: சைலண்ட்ல போட்ட போன் எப்படி அடிக்குது?

அத்தான்: உஷ்.

இடி: என்னங்கண்ணே, சனிக்கிழமை எந்த ஹாலு?

அத்தான்: எந்தச் சனிக்கிழமை?

இடி: வர்ற சனிக்கிழமைதான். உங்க வெப்சைட்டுல என் பேரைத் தட்டிப் பாத்தேன். சிவப்பா 'புக் ஆகிவிட்டது'ன்னு காட்டுது. ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? வீட்ல நான் தலைகால் புரியாம ஓடிட்டிருக்கேன்.

அத்தான்: இடி, நான் அப்புறமா உன்னை...

வாலு: வெக்காதீங்க! அவர் குரல் இங்க வரைக்கும் கேக்குது, ஸ்பீக்கர்ல போடுங்க. அண்ணே, நான் வாலு பேசுறேன். சனிக்கிழமை மட்டும்தான் சிவப்பா?

இடி: அட, இல்லம்மா. ஞாயிறும் சிவப்பு, அதுக்கடுத்த வாரமும் சிவப்பு. ரெண்டு மாசத்துக்குக் காலண்டர் மிளகாய்த் தோட்டமாட்டம் இருக்கு. கோட்டை இஸ்திரிக்குக் கொடுத்துட்டேன். மச்சினன் கூப்பிட்டான், நான் பிஸிடான்னு போனை வெச்சுட்டேன். இப்படி ஒரு வார்த்தை சொல்லி எத்தனை நாளாச்சு தெரியுமா!

அத்தான்: இடி... சார்ஜ் போகுது... சத்தம் விட்டு விட்டு... ஹலோ... வெச்சிட்டேன்.

வாலு: அத்தான்.

அத்தான்: நல்ல பையன் அவன். கை மட்டும் கொஞ்சம் வேகம்.

வாலு: அத்தான், என்னைப் பாருங்க. ஏற்கனவே இருக்கிற புக்கிங்னு நீங்க எழுதிக் கொடுத்தீங்களே, நூத்தி நாப்பது. நான் அப்படியே ஏத்தினேன். பெரிய ஹால், சின்ன ஹால், மேல் ஹால், கீழ் ஹால்... இப்பத்தான் உறைக்குது. ஹாலுக்கு ஒரு பேர் யோசிக்கக்கூட சோம்பேறித்தனமா?

அத்தான்: நடு ஹாலும் ஒண்ணு எழுதியிருந்தேன்.

வாலு: வாசிக்கிறவருக்கே தெரியாத கச்சேரி! எதுக்கு இந்த வேலை?

அத்தான்: என் தொழில் உனக்குத் தெரியாது வாலு. காலி டைரியை எவனாவது வெளிய காட்டுவானா? ஒருத்தன் போன் பண்ணி சனிக்கிழமை பாடகி வேணும்பான். உடனே வர்றாங்கன்னு சொன்னா, என்னடா, சும்மா கிடக்கிற ஆளான்னு நெனப்பான். அதனால 'சனிக்கிழமையா... ரொம்பக் கஷ்டமாச்சே'ன்னு ஒரு இழு இழுக்கணும். பக்கத்தைப் புரட்டுற சத்தம் அவன் காதுல விழணும். அப்புறம் குரலைத் தாழ்த்தி, 'உங்களுக்காக ஒருத்தரை நகர்த்திப் பாக்கிறேன்'னு சொல்லணும். அவன் ஏதோ பெரிய புதையலைத் தட்டிட்டு வந்தவன் மாதிரி சந்தோஷமா போவான்.

வாலு: அந்த நகர்த்துறதை இந்த மிஷினுக்கு யாரு சொல்லிக் கொடுத்தது?

அத்தான்: தானா புரிஞ்சுக்கும்னு நெனச்சேன். ரொம்பப் புத்திசாலின்னு நீதானே சொன்னே.

வாலு: கடவுளே... இது புக் ஆகிவிட்டதுன்னா புக் ஆகிவிட்டதுன்னுதான் சொல்லும். வந்தவன் நேரா அடுத்த கடைக்குப் போயிடுவான். நாலரை ஆச்சு. பேச நேரமில்ல. உண்மையான புக்கிங் எதெதுன்னு மட்டும் சொல்லுங்க, மத்ததை அழிக்கிறேன். பாத்துச் சொல்லுங்க, நிஜத்தை அழிச்சிட்டா ஒரே ஆளை ரெண்டு இடத்துல நிக்க வெச்சிருவோம். பாடகி, பதினெட்டாம் தேதி, பெரிய ஹால்?

அத்தான்: அழி.

வாலு: இருபத்தஞ்சு?

அத்தான்: அதையும்.

வாலு: சாக்ஸபோன்காரர், மேல் ஹால், மூணு நாள் தொடர்ந்து?

அத்தான்: அவருக்கு மூணு நாள் ஊத மூச்சு ஏது? அழி.

வாலு: கிட்டார் வாசிக்கிற குட்டை?

அத்தான்: ...அழி.

வாலு: அத்தான், இப்படியே போனா ஒண்ணும் மிஞ்சாது போலிருக்கே. நிஜமானது எங்கதான் ஆரம்பிக்குது?

அத்தான்: எல்லாத்தையும் அழிச்சிடு.

வாலு: நூத்தி நாப்பதுமா?

அத்தான்: போனு சைலண்ட்ல இல்ல வாலு. அது அடிக்கிறதில்ல. ஒம்பது மாசமாச்சு. தினம் சட்டையை மாட்டிக்கிட்டு இங்க வந்து உக்காருவேன். மேசை போன்ல இருந்து என் நம்பருக்கு நானே அடிச்சு, லைன் இருக்கான்னு பாப்பேன். வீட்ல சாப்பிடும்போது வர்ற போன் எல்லாம்... அலாரம்.

வாலு: சரி, எல்லாத்தையும் அழிக்கிறேன்.

அத்தான்: ஏதாவது திட்டேன். இப்படிச் சாதுவா பேசாதே, பயமா இருக்கு.

வாலு: அழிச்சாச்சு. எல்லாம் பச்சை.

அத்தான்: பாக்கவே கூச்சமா இருக்கு. துணியில்லாம நிக்கிற மாதிரி.

வாலு: திருப்பி அனுப்பின நாப்பத்தியொரு பேருக்கும் மெயில் போடுறேன். 'நீங்கள் கேட்ட தேதி காலியாக இருக்கிறது.'

அத்தான்: ஐயையோ, காலின்னு எழுதாதே! 'ஒருவர் ரத்து செய்துவிட்டதால் உங்களுக்குக் கிடைக்கிறது.'

வாலு: மறுபடியும் பொய்யா?

அத்தான்: பொய்யா? நூத்தி நாப்பது கச்சேரி ரத்தானதை என் கண்ணால பார்த்தேன். நீதானே பண்ணினே?

வாலு: 'இப்போது கிடைக்கிறது.' இதுக்கு மேல பேரம் கிடையாது. அனுப்பிட்டேன்.

அத்தான்: மணி?

வாலு: நாலு நாப்பத்தி மூணு.

அத்தான்: இப்ப?

வாலு: நாலு நாப்பத்தி மூணு.

அத்தான்: அமுக்கிப் பாரேன்.

வாலு: உக்காருங்க... சரி, அமுக்குறேன். இல்ல. இன்னும் இல்ல. நாலு அம்பது... நாலு அம்பத்தி நாலு...

அத்தான்: மணியடிச்சுச்சு! வாலு, மணி! கீழ சைக்கிளா, நம்ம மணியா?

வாலு: நம்ம மணி. இருங்க, தள்ளுங்க... ஒரு பல் டாக்டர். புதுசா கிளினிக் திறக்கிறாராம். ஞாயித்துக்கிழமை பாடகி வேணுமாம். அத்தான், ஏத்துக்கிச்சு! டேட்டாபேஸ் ஏத்துக்கிச்சு!

அத்தான்: பல் டாக்டரா! நம்ம பாடகியைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்காது, மணிக்கணக்கா வாயைத் திறந்தே வெச்சிருப்பா. அம்பத்தேழு ஆச்சு. எழுது, உங்க ஆபீசுக்கு உடனே எழுது. வர முடியாதுன்னு.

வாலு: எழுதலாம்.

அத்தான்: லாம் என்ன லாம்? நான் சொல்றேன், நீ டைப் பண்ணு. 'மதிப்பிற்குரிய ஐயா, எனக்கு இங்கே தலைக்கு மேல் வேலை...' ஏன் கை அசைய மாட்டேங்குது? ஓ, நான் சொன்னதை நெனச்சா? அந்த ஒம்பது மாசக் கதையை உங்க அக்காகிட்ட சொல்லிடாதே. மத்ததை நான் பாத்துக்கிறேன். ம், எழுது. பாவம், அவங்க அங்க காத்துட்டிருப்பாங்க.

வாலு: அங்க யாரும் காத்துட்டில்ல அத்தான். மூணு மாசத்துக்கு முன்னாடியே என் மேசையைக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க. அஞ்சு மணின்னு கெடு வெச்சது நான்தான்... நீங்களும் அக்காகிட்ட சொல்லாதீங்க.