கம்பு வரைக்கும் முழங்கால் தண்ணீர்

நாரையின் கால் பின்பக்கமாக மடங்குகிறதே, அதை எல்லோரும் முழங்கால் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது கணுக்கால். முழங்கால் மேலே இறகுக்குள் மறைந்திருக்கிறது. இதுகூடத் தெரியாமல்தான் இந்த ஊரில் பாதிப்பேர் கழுத்தில் கேமராவைத் தொங்கவிட்டுக்கொண்டு அலைகிறார்கள். வேல்சாமி அவர்களில் ஒருவர். அவர் குளத்தில் செத்ததைப் பற்றித்தானே கேட்கிறீர்கள் இன்ஸ்பெக்டர், சொல்கிறேன்.

சங்கரன்கோவில் ரத வீதியில் நான் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். சங்கரசுப்பிரமணியன் என்று போர்டிலேயே இருக்கும். கல்யாண ஆல்பம் சோறு போடுகிறது. மாப்பிள்ளையும் பெண்ணும் கைகோத்து வரப்பில் ஓடுவதைப் படமெடுக்கும்போது வருகிற எரிச்சலை முகத்தில் காட்டமாட்டேன். தொழில் அப்படி.

மார்கழியிலும் தையிலும் விடிந்ததும் பனவடலிசத்திரத்துப் பக்கம் ஒரு குளத்தில் இருப்பேன். உள்ளான், கரண்டிவாயன், சாம்பல் நாரை எல்லாம் அங்கே இரை தேடும். நாரை அசையாமல் நிற்கும். கழுத்து மெல்லத் தாழும். பிறகு ஒரே குத்து. கண்ணை மூடித் திறப்பதற்குள் மீன் அலகில் இருக்கும். முழங்கால் தண்ணீரில் விறைத்துக்கொண்டு அதற்காகக் காத்துக்கிடப்பவனுக்குத்தான் அந்தப் படம் சொந்தம். எனக்கு அது ஒழுங்காக ஒருமுறையும் அமைந்ததில்லை. அதில் எனக்கு வெட்கமும் இல்லை.

வேல்சாமிக்குப் புளியங்குடியில் எலுமிச்சை கமிஷன் கடை. உலக்கை மாதிரி ஒரு லென்ஸ், மார்பு வரை வருகிற ரப்பர் உடுப்பு, எல்லாம் ஆன்லைனில் வரவழைத்தார். பொறுமையை ஆன்லைனில் விற்பதில்லை. ஆகவே சந்தையில் உயிர்மீன் வாங்கி வாளியில் கொண்டுவருவார். நாரைக்கு முன்னால் தண்ணீரில் விடுவார். அதுவும் வீட்டுக்கோழி மாதிரி வாளியைப் பார்த்ததும் கிட்டே வரப் பழகிவிட்டது. இதற்குப் பெயர் வனவிலங்குப் புகைப்படம்.

தென்காசியில் நடந்த கண்காட்சியில் அந்தக் கோழிப் படத்துக்கு முதல் பரிசு கொடுத்தார்கள். எனக்கு ஆறுதல் பரிசு. கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை. பொறாமை என்று எழுதிவிடாதீர்கள். கொசுவைப் பார்த்து யாராவது பொறாமைப்படுவார்களா?

மேடையிலிருந்து இறங்கியதும் நேராக என்னிடம்தான் வந்தார்.

"அண்ணாச்சி, உங்க படம்தான் நெசம். நான் சும்மா மீனைப் போட்டு ஏமாத்துதேன்" என்று சொல்லிச் சிரித்தார்.

தெரியாமல் செய்பவனை மன்னிக்கலாம். இவருக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தும் சிரிக்க முடிந்தது. அந்தச் சிரிப்பை நான் வீட்டுக்கு எடுத்துப்போனேன் என்று சொல்லலாம்.

அதற்குப் பிறகு ஞாயிறுதோறும் என்னோடு ஒட்டிக்கொண்டார். அவர் மனைவி ஞானசெல்வி எனக்கும் சேர்த்து இட்லி கட்டிக் கொடுத்துவிடுவாள். சாப்பிட்டேன். இட்லி என்ன பாவம் செய்தது? படமெடுக்கச் சொல்லிக்கொடுங்கள் என்று நச்சரித்தார். பறவை இரை பார்க்கும்போது இருமக்கூடாது, சத்தமாகப் பேசக்கூடாது என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னேன். வேறெதுவும் அவர் மண்டையில் ஏறாது.

இனி கம்பு விஷயம். கோடையில் வயலுக்கு உரமாகக் கரம்பை மண் அள்ளிய குழிகள் குளத்துக்குள் இருக்கின்றன. தண்ணீர் நிறைந்துவிட்டால் மேலே எதுவும் தெரியாது. முழங்கால் ஆழத்தில் நடந்துகொண்டே இருப்பீர்கள், அடுத்த அடி இரண்டாள் ஆழம். அதனால் மீன் குத்தகைக்காரர் ஆஷிக் அலி ஒவ்வொரு குழிக்கும் கரைப் பக்க ஓரத்தில் சிவப்புத் துணி கட்டிய கம்பு ஒன்றை நட்டுவைப்பார். கம்பைத் தாண்டக்கூடாது. குளத்தில் இறங்குகிற எல்லோருக்கும் இது தெரியும்.

அந்த ஞாயிறு நான்தான் முதலில் போனேன். நாரை குழிக்கு அந்தப் பக்கம் சற்றுத் தள்ளி நின்றது. இடையில் சிவப்புத் துணி. படத்தின் நடுவில் இப்படியொரு சிவப்பு இருந்தால் எல்லாம் நாசம். பிடுங்கினேன். குழியைச் சுற்றிப் போய் அந்தப் பக்க ஓரத்தில் நட்டேன். படத்துக்காகத்தான் மாற்றினாய் என்றால் கரையில் தூக்கிப் போட்டிருக்கலாமே என்று ஆஷிக் அலி உங்களிடம் கேட்டாராம். நியாயமான கேள்வி. புதிய இடத்திலும் துணி படத்துக்குள்தான் தெரிந்தது.

வேல்சாமி வாளியோடு வந்தார்.

"அண்ணாச்சி, அங்கன ஆழம் எப்படி?"

"கம்பு வரைக்கும் முழங்கால் தண்ணிதான் வே. தைரியமாப் போவும்."

போனார். நான் சொன்னால் நம்புவார்.

ரப்பர் உடுப்புக்குள் தண்ணீர் ஏறிவிட்டால் கல்லைக் கட்டிக்கொண்ட மாதிரிதான். அவரால் கையைக் காலை அதிகம் அடிக்க முடியவில்லை. கழுத்து வரை தண்ணீரில் என் பக்கம் திரும்பினார். "அண்ணாச்சி, காலு எட்டல" என்றார். கத்தவில்லை. நாரை கலைந்துவிடக்கூடாதே என்று கிசுகிசுப்பாகச் சொன்னார். நான் சொல்லிக்கொடுத்ததில் அவருக்கு உருப்படியாக வந்தது அது ஒன்றுதான். இன்னொரு முறையும் "அண்ணாச்சி" என்றார், அதே மெல்லிய குரலில்.

என் கேமரா ஸ்டாண்டை நீட்டியிருந்தால் பிடித்திருப்பார். நீட்டியிருந்தால் நாரை பறந்திருக்கும். அதன் கழுத்து அப்போதுதான் தாழ்ந்துகொண்டிருந்தது. நான் படம் எடுத்தேன். பிறகு பார்த்தபோது தண்ணீரின் மேல் கவிழ்ந்த வாளி மட்டும் மிதந்தது.

சுற்றி வளைப்பானேன். கம்பைத் தெரிந்தேதான் மாற்றினேன். சாகட்டும் என்றுதான் போகச் சொன்னேன். கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று காட்டுங்கள். ஞானசெல்வியிடம் நான் பேச வேண்டியது எதுவும் இல்லை.

அந்தப் படத்தை மட்டும் பத்திரமாக வையுங்கள். வாழ்நாள் முழுக்கக் காத்திருந்து எடுத்தது. நாரையின் அலகில் மீன், சுற்றிலும் ஒவ்வொரு துளியும் தனித்தனியாகத் தெரியும். மீனுக்கு வால் இல்லை. ஓடாமல் இருக்க வேல்சாமி கத்தரிக்கோலால் நறுக்கியிருப்பார் போல. வேறொரு படத்திலிருந்து ஒரு வாலை எடுத்துக் கம்ப்யூட்டரில் ஒட்டிவிட்டேன். மற்றபடி அதில் பொய் எதுவும் கிடையாது.