எட்டாவது கேள்வியை அழித்தது நான்தான்

என் பெயரும் விலாசமும் மேலே எழுதியுள்ளபடி சரி. வயது எழுபத்தொன்று. ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தேன் என்றாலும் எழுத்துக் கூட்டாமல் வாசிப்பேன். எங்கள் குடியிருப்பில் யாருக்குக் கடிதம் வந்தாலும் மூன்றாம் மாடிக்கு என்னிடம்தான் கொண்டுவருவார்கள். என் மகள் வயிற்றுப் பேத்தி என்னுடன் இருக்கிறாள், பள்ளி வேன் ஓட்டுகிறாள். அந்த வேலைக்கு எடுத்த முதல் பெண் அவள்தான் என்பதையும் எழுதிக்கொள்ளச் சொன்னேன்.

சென்ற மாதம் ஆறாம் தேதி, தூக்கமில்லை, காலையில் குமட்டுகிறது என்றவளை நான்தான் சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போனேன். அங்கே நர்சம்மா ஒரு தாளை அட்டையில் வைத்து, நூலில் கட்டிய பென்சிலோடு கொடுத்து, "வர்ற எல்லாருக்கும் குடுக்கிறதுதான். யாரும் திட்டமாட்டாங்க, உள்ளதைப் போடுங்க" என்றார். பேத்தி குனிந்து குறி போட்டாள். அதன் பிறகு எடை பார்க்கக் கூப்பிட்டதால் அட்டையை என் மடியில் வைத்துவிட்டுப் போனாள். பக்கத்தில் இருந்த எங்கள் தெருத் தையல்காரர், "இருமலுக்கு வந்தவன்கிட்ட கஞ்சா அடிச்சியான்னு கேக்குறாங்க பாருங்க" என்று சிரித்துவிட்டு, "உங்க பேத்தி பாஸா ஃபெயிலா, பாட்டி?" என்று எட்டிப் பார்த்தார். "எங்க வீட்டுல ஃபெயிலே கெடையாது" என்று சொல்லி அட்டையை என் பக்கம் திருப்பி வாசித்தேன்.

மொத்தம் எட்டுக் கேள்வி. கஞ்சா எத்தனை நாளைக்கு ஒருமுறை என்பதற்கு, வாரம் நான்கு முறைக்கு மேல் என்ற கட்டத்தில் குறி இருந்தது. என்னால் உட்கார முடியவில்லை. தண்ணீர்க் குழாய் வரை போனேன், குடிக்காமல் திரும்பினேன், உட்கார்ந்தேன், மறுபடி எழுந்தேன். அதன் பிறகு பென்சில் வாலில் இருந்த ரப்பரால் எட்டையும் அழித்து, எட்டிலும் 'ஒருபோதும் இல்லை' என்ற கட்டத்தில் குறி போட்டேன். எட்டாவது கேள்வி, குறைக்கவோ விடவோ நினைத்தது உண்டா என்பது. அவள் போட்டிருந்த 'ஆம்' தாள் கிழியும் அளவுக்கு அழுத்தமாக இருந்ததால் அழிய நேரமாயிற்று.

அதன் பிறகு டாக்டர் தாளைப் பார்த்துவிட்டு வயிற்றுக்கு மாத்திரை எழுதினார், வேறெதுவும் கேட்கவில்லை. திரும்பும் வழியில் பேத்தி, "உள்ளதெல்லாம் எழுதிக் குடுத்தேன் பாட்டி. ஒரு வார்த்தை கேக்கலையே" என்றாள். "மாத்திரை குடுத்திருக்காங்கல்ல, அதை முழுங்கு" என்றேன்.

அதன் பிறகு பத்தாம் நாள், பிள்ளைகளை இறக்கிவிட்டு வந்த வேன் சுவரில் மோதியது. பேத்திக்கு வலது கை முறிந்தது. ரத்தத்தில் கஞ்சா இருந்ததாகச் சொன்னார்கள். உள்ளதைத்தான் எழுதினேன் என்று பேத்தி சொன்னதையும் தாளில் அழித்த தடம் இருப்பதையும் வைத்து, நர்சம்மாதான் மாற்றினார் என்று அவரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அவர் அழிக்கவில்லை. தையல்காரரைக் கேட்டாலும் சொல்வார்.

நேற்று பேத்தியிடம் நானே சொன்னேன். "நீயா பாட்டி?" என்றாள். இன்று காலை ஆஸ்பத்திரியிலும் அதே தாள் வந்தது. கைக்குக் கட்டுப் போட்டிருப்பதால் எழுத ஆள் வேண்டியிருந்தது. நான் பென்சிலுக்குக் கை நீட்டினேன். அவள் தரை துடைத்துக்கொண்டிருந்த ஆயாம்மாவைக் கூப்பிட்டு எழுதச் சொன்னாள். அங்கிருந்து நேராக இங்கே வாக்குமூலம் கொடுக்க வந்தேன்.

இதில் உள்ளது அத்தனையும் நடந்தது நடந்தபடி. அதிகாரி வாசித்துக் காட்ட வந்தார். வேண்டாம் என்று நானே இருமுறை வாசித்தேன். ரேகை வைக்காமல், பேனா கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போடுகிறேன்.