மாதிரிக்கு ஒரு மூக்கு

பெரியவள்: இப்பவும் ஒரு பக்கமாத்தான் இறங்குது.

சின்னவள்: அசையாம இருந்தாத்தானே... தலையை நேரா வை. என் கண்ணைப் பாரு.

பெரியவள்: பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன்.

சின்னவள்: இடது நோஸ் பேடை இன்னும் கொஞ்சம் வெளியே இழுத்து விடறேன். இரு, குறடு எங்க வெச்சேன்...

பெரியவள்: கண்ணாடியில கோளாறு இல்லடி. மூக்குல கோளாறு.

சின்னவள்: மூக்கைத் திருக இந்தக் கடையில ஸ்க்ரூ டிரைவர் கிடையாது.

பெரியவள்: சிரிக்கணுமா?

சின்னவள்: சிரியேன். நீ சிரிச்சே எத்தனை நாளாச்சு.

பெரியவள்: சிரிச்சா நுனி கீழே இறங்குது. பார்க்கிறியா? இதோ...

சின்னவள்: ஐயோ வேண்டாம். மூடு வாயை. காதுக்குப் பின்னாடி உறுத்துதா?

பெரியவள்: இல்ல.

சின்னவள்: இப்ப குனி. நிமிரு. ம்... விழல பாரு. இன்னும் என்ன?

பெரியவள்: நாளைக்குப் பத்து மணிக்கு டாக்டர் நேரம் கொடுத்திருக்கார்.

சின்னவள்: எந்த டாக்டர்?

பெரியவள்: புது டாக்டர். பழைய ஆள் மூஞ்சியில இனிமே முழிப்பேனா?

சின்னவள்: மறுபடியுமா? உனக்கு என்ன பைத்தியமா? ஒரு தடவை கத்தி வெச்சதுக்கே ராத்திரி விசில் அடிக்குது மூக்கு. அம்மா வீட்டுல நீ தூங்கினா பக்கத்து ரூம்ல எனக்குக் கேட்குது.

பெரியவள்: அதுக்குத்தான் சரி பண்ணணும்கிறேன்.

சின்னவள்: மூச்சு விடறதுக்கு மட்டும் சரி பண்ணச் சொல்லு.

பெரியவள்: மூச்சுக்கு யாரு இவ்வளவு தூரம் போவா? எனக்கு என் பழைய மூக்கு வேணும்.

சின்னவள்: என்னது?

பெரியவள்: பழைய மூக்கு. பொறந்தப்ப இருந்தது. உன் மூஞ்சியில இன்னும் உட்கார்ந்திருக்கே, அது.

சின்னவள்: அது மொத்தையா இருக்குன்னுதானே போய்ச் சீவிக்கிட்டே? "கண்ணாடியில பார்த்தாலே பிடிக்கல"ன்னு வீட்டையே ரெண்டு பண்ணினியே.

பெரியவள்: இப்ப அது பிடிச்சிருக்கு.

சின்னவள்: நல்லா இருக்குடி கதை. இந்த இழுப்பறையில கழட்டி வெச்சிட்டா போனே? எடுத்துக் கொடுக்க?

பெரியவள்: கத்தாதே. உங்க முதலாளி பார்க்கறார்.

சின்னவள்: பார்க்கட்டும். ஒண்ணுமில்ல சார், ஃப்ரேம் சரியா உட்காரல! ... உள்ளே போயிட்டார். சொல்லு. டாக்டர் என்னதான் சொன்னார்?

பெரியவள்: போன தடவை எலும்பை அளவுக்கு மேல சீவிட்டாங்களாம். உள்ளே தாங்கிப் பிடிக்க ஒண்ணுமே இல்லையாம். அதான் சாயுதாம். விலாவுலேர்ந்து குருத்தெலும்பு எடுத்து வெச்சுக் கட்டணுமாம்.

சின்னவள்: விலாவுலேர்ந்தா? மூக்குக்கு?

பெரியவள்: ம்.

சின்னவள்: நெஞ்சுல ஒரு தையல், மூக்குல ஒரு தையல். எதுக்குடி? யாருக்கு?

பெரியவள்: எனக்கு.

சின்னவள்: இதுவும் கோணிக்கிட்டுப் போனா?

பெரியவள்: இதுக்கு மேல கோணுறதுக்கு என்ன இருக்கு? போன வாரம் வகுப்புல ஒரு பொண்ணு கரும்பலகையில கிளி வரைஞ்சிருக்கா. கிளிக்குக் கண்ணாடி வேற. "நல்லா வரைஞ்சிருக்கே"ன்னு சொல்லிட்டு அழிச்சேன். என்ன பண்ணச் சொல்றே?

சின்னவள்: பசங்க அப்படித்தான். போன வருஷம் கணக்கு வாத்தியாரை யானையா வரைஞ்சாங்கன்னு நீயே சொல்லிச் சிரிச்சே.

பெரியவள்: அவர் யானை மாதிரிதான் இருக்கார்.

சின்னவள்: பாவம்டி அவர்... ஏய், இரு, ஆள் வருது. வாங்க சார். சீட்டு இருக்கா?

வாடிக்கையாளர்: சீட்டு வீட்டுல இருக்கும்மா. கறுப்பு ஃப்ரேம். படிக்கிற கண்ணாடி.

சின்னவள்: தெரியும் சார், காலையிலேயே ரெடி. போட்டுப் பாருங்க. இந்த அட்டையைப் படிங்க... கடைசி வரி தெரியுதா?

வாடிக்கையாளர்: தெரியுது, தெரியுது. நீங்க இருங்கம்மா, அவசரமில்ல, இந்த அம்மாவைக் கவனிச்சிட்டு வாங்க. எனக்கு முன்னாடியே உட்கார்ந்திருக்காங்களே.

சின்னவள்: இவங்க எங்க வீட்டு ஆளு சார். அக்கா. ரெட்டைப் பிள்ளைங்க நாங்க.

வாடிக்கையாளர்: ரெட்டையா? விளையாடாதீங்க. ஜாடையே இல்லையே!

சின்னவள்: கண்ணாடியை நல்லாத் துடைச்சுப் போட்டுப் பாருங்க சார்.

வாடிக்கையாளர்: புதுக் கண்ணாடி போட்டுத்தாம்மா சொல்றேன். சரி, வரட்டுமா? வரேம்மா... அக்கா.

பெரியவள்: கேட்டியா?

சின்னவள்: அவருக்கு ரெண்டு கண்ணுலயும் ஆபரேஷன் ஆயிருக்கு. அவர் பேச்சை எடுத்துக்காதே.

பெரியவள்: முன்னாடி இந்தக் கடைக்குள்ள நான் கால் வெச்சா உங்க முதலாளி "இவ்வளவு நேரம் எங்க போயிருந்தே"ன்னு என்னைத் திட்டுவார்.

சின்னவள்: ஆமா. நீயும் "மன்னிச்சுக்கங்க சார்"னு சொல்லிட்டு என் சீட்டுல உட்கார்ந்துப்பே. ஒரு தடவை ஒரு அம்மாவுக்கு ஃப்ரேமே வித்துட்டே.

பெரியவள்: நல்ல ஃப்ரேம்தான் வித்தேன்.

சின்னவள்: அந்த அம்மா மறுநாளே கொண்டுவந்து என் தலையில கட்டிட்டுப் போச்சு.

பெரியவள்: நாளைக்கு நீ லீவு போடணும்.

சின்னவள்: எதுக்கு? துணைக்கா? மாமா வரலையா?

பெரியவள்: என் வீட்டுக்காரர் எதுக்கு? நீதான் வேணும். டாக்டர் கேட்டார், பழைய போட்டோ இருக்கா, பக்கவாட்டுல எடுத்ததுன்னு. நம்ம போட்டோ எதுலயாவது பக்கவாட்டுல நின்னிருக்கோமா? எல்லாத்துலயும் நேரா முழிச்சுக்கிட்டு நிக்கறோம். அதுலயும் எது நான், எது நீன்னு அம்மாவுக்கே தெரியல.

சின்னவள்: அதனால?

பெரியவள்: "போட்டோ எதுக்கு டாக்டர், அசலே உயிரோட இருக்கு"ன்னு சொன்னேன். அவருக்குச் சந்தோஷம் தாங்கல. கூட்டிட்டு வாங்க, நாலு பக்கமும் படம் எடுத்து, அளவும் எடுத்துக்கறேன்னார்.

சின்னவள்: நான் என்ன, தையல்காரன்கிட்ட மாதிரிக்குக் கொடுக்கிற பழைய சட்டையா?

பெரியவள்: அரை மணி நேர வேலை.

சின்னவள்: முடியாது.

பெரியவள்: லீவு கிடைக்காதா? நான் வேணா முதலாளிகிட்ட...

சின்னவள்: லீவு பிரச்சினை இல்ல. நான் வரல.

பெரியவள்: வலிக்காதுடி. உன் மேல கையே வைக்க மாட்டாங்க.

சின்னவள்: வரலைன்னா விடேன்!

பெரியவள்: ஏன்?

சின்னவள்: ஏன்னா... இந்த மூஞ்சி நல்லாத்தான் இருக்கு. பழகிடும். இந்த ஃப்ரேமைப் போட்டுக்கோ, அகலமானது, கோணல் தெரியவே தெரியாது. இதோ பாரு, கண்ணாடியில பாரு.

பெரியவள்: எனக்கு ஃப்ரேம் விக்கறியா நீ?

சின்னவள்: அப்படி இல்லடி...

பெரியவள்: மூடி மறைக்கச் சொல்றே. நீ மட்டும் முழு மூஞ்சியோட நடமாடுவே. உனக்கு இது சௌகரியமா இருக்கு, இல்ல? பொறந்ததுலேர்ந்து ரெண்டு பேரையும் பக்கத்துல நிறுத்தி யாரு அழகுன்னு கேட்டா எவனாலயும் சொல்ல முடியாது. இப்ப பட்டுனு சொல்லிடறாங்க.

சின்னவள்: வாயை அலம்பு.

பெரியவள்: பொய்யா?

சின்னவள்: நான்தான் உன்னை ஆபரேஷனுக்குப் போகச் சொன்னேனா? ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் கையைப் பிடிச்சு இழுத்தேனே, ஞாபகம் இருக்கா? "போகாதே, போகாதே"ன்னு...

பெரியவள்: இழுத்தே. ஆனா ஏன் போகக்கூடாதுன்னு சொல்லல.

சின்னவள்: தண்ணி வேணுமா?

பெரியவள்: வேண்டாம்.

சின்னவள்: மாமா என்ன சொல்றார் இதுக்கு?

பெரியவள்: என்ன சொல்வார்? "உன் இஷ்டம்"னார். டிவியைப் பார்த்துக்கிட்டே சொன்னார். போன தடவையும் அதேதான். கட்டுப் பிரிச்ச அன்னிக்கு எதிர்ல போய் நின்னேன். "வீக்கம் வத்திடும்"னார். வீக்கம் வத்தி வருஷம் ஒண்ணாகப் போகுது. அதுக்கப்புறம் வாயே திறக்கல. திறந்தாலும் என் தோளுக்குப் பின்னாடி இருக்கிற சுவரைப் பார்த்துத்தான் பேசுறார்.

சின்னவள்: அவர் கண்ணாடி...

பெரியவள்: என்ன அவர் கண்ணாடிக்கு?

சின்னவள்: ஒண்ணுமில்ல. ஸ்க்ரூ லூசாயிடுச்சோ என்னவோ. ரொம்ப நாளா கடைப் பக்கம் வரலையேன்னு...

பெரியவள்: முன்னாடி வாரா வாரம் கழண்டுக்கிட்டே இருந்துச்சே அந்த ஸ்க்ரூ.

சின்னவள்: நான்தான் வேற கடைக்குப் போகச் சொன்னேன்.

பெரியவள்: எப்போ?

சின்னவள்: உன் ஆபரேஷனுக்கு முன்னாடியே.

பெரியவள்: ஏன்?

சின்னவள்: இங்க கூட்டம் ஜாஸ்தி...

பெரியவள்: இந்தக் கடையிலயா?

சின்னவள்: உனக்கு இப்ப என்ன வேணும்?

பெரியவள்: மூக்கு வேணும். அவ்வளவுதான். அன்னிக்கு அம்மா வீட்டுல நடந்த கூத்து ஞாபகம் இருக்கா? என் பச்சை ஸ்வெட்டரை நீ போட்டுக்கிட்டு பாத்திரம் கழுவிக்கிட்டிருந்தே.

சின்னவள்: அதை எதுக்கு இப்ப...

பெரியவள்: இவர் பின்னாடி வந்து உன் தோள்ல கை வெச்சார். நீ அலறிக்கிட்டுத் தட்டைக் கீழே போட்டே. எல்லாரும் ஓடி வந்தோம். "ஸ்வெட்டரைப் பார்த்து ஏமாந்துட்டேன்"னு இவர் அசடு வழிஞ்சார். அப்பா விழுந்து விழுந்து சிரிச்சார்.

சின்னவள்: நீயும்தான் சிரிச்சே. எல்லாரையும் விட ஜாஸ்தியா.

பெரியவள்: ஆமா. அடுத்த மாசம் போய் மூக்கைச் சீவிக்கிட்டேன்.

சின்னவள்: அதுக்காகத்தானா? என்கிட்ட வேற என்னமோ சொன்னே... எனக்கு அப்பவே உறுத்துச்சு. இனிமே ஆள் மாறிப் போகக்கூடாதுன்னுதானே போனே?

பெரியவள்: நீ வருவியா, மாட்டியா?

சின்னவள்: மாட்டேன்.

பெரியவள்: சரி. உன் காலைக் கட்டிக்கிட்டு அழ மாட்டேன். போகட்டுமா?

சின்னவள்: உட்காரு.

பெரியவள்: கையை விடு.

சின்னவள்: உட்காருடி. ஒண்ணு சொல்லணும். சொன்னா நீ என்னை வெட்டிப் போடுவே... போட்டுக்கோ. அன்னிக்கு மாமா ஆள் தெரியாமப் பண்ணல.

பெரியவள்: கையை விடுன்னேன்ல.

சின்னவள்: தெரிஞ்சேதான் வந்தார். முதல்ல கூப்பிட்டார். "சின்னு"ன்னு. மெதுவா. நான் திரும்பறதுக்குள்ள கை தோளுக்கு வந்துடுச்சு. எல்லாரும் சிரிச்சீங்க. அந்தச் சிரிப்புக்கு நடுவுல என்னால வாயைத் திறக்க முடியல. அப்புறம் கடைக்கு வந்து நின்னார், ஸ்க்ரூ, ஸ்க்ரூன்னு. ஒரு நாள் முகத்துக்கு நேரா சொல்லி அனுப்பிட்டேன். உன்கிட்டதான் சொல்லல. நீ ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினப்பவாவது சொல்லியிருக்கணும்... உன் மூக்கு ஒரு தப்பும் பண்ணல. அவருக்கு நம்மளை அடையாளம் எப்பவும் தெரியும். அதனால திரும்ப விலாவைக் கிழிச்சுக்காதே. ரெண்டு அறை விடேன்... திட்டேன்...

பெரியவள்: தெரியும்.

சின்னவள்: என்ன தெரியும்?

பெரியவள்: நான் மாடிப்படியில நின்னுக்கிட்டிருந்தேன். அவர் உன்னைக் கூப்பிட்டது அங்க வரைக்கும் கேட்டுது. அந்தக் குரல்ல என்னை ஒரு நாளும் கூப்பிட்டதில்ல.

சின்னவள்: கேட்டுட்டா... கேட்டுட்டா அப்படிச் சிரிச்சே?

பெரியவள்: சிரிக்காம? அப்பா அம்மா முன்னாடி என்ன பண்ணச் சொல்றே?

சின்னவள்: அப்போ ஆபரேஷன்...

பெரியவள்: என் மூஞ்சியில உன்னைத் தேடுறார்னு தெரிஞ்சு போச்சுடி. விடிஞ்சதும் கண்ணாடியில நானும் உன்னைத்தான் பார்த்தேன். உன் ஜாடையைத் தூக்கிப் போட்டுட்டா என்னைப் பார்ப்பார்னு நினைச்சேன்.

சின்னவள்: அப்புறம் எதுக்குடி திரும்பவும் என் மூக்கு உனக்கு?

பெரியவள்: அது இருந்த வரைக்கும், உன்னை நினைச்சுக்கிட்டாவது என் மூஞ்சியைப் பார்த்துக்கிட்டிருந்தார்.