சிப்பை ஒட்டுக் கேட்ட பெண்

நான்காம் வகுப்போடு நின்று, சொந்தமாகத் தீப்பெட்டி ஆபீஸ் கட்டியவன் நான். எனக்கே புதிதான பேச்சொன்றை ஆமத்தூர் தாண்டி சிவகாசிப் பேருந்தில் கேட்டேன். முன்சீட்டில் காலண்டர் அச்சு மிஷின் ஓட்டுபவரும், நின்றுபோன அந்த மிஷினை நேற்றுச் சோதித்த பெண்ணும் இருந்தார்கள்.

“மிஷினுக்கு மூளையா இருக்குற சிப்பு காலுகள்ல கிளிப்பை மாட்டி, அது பேசுறத ஒட்டுக் கேட்டேன் அண்ணே.”

“என்ன தாயி சொல்லுச்சு? நான்தான் கெடுத்தேன்னு முதலாளி வேலையவிட்டு நிறுத்தப் பாக்காரு.”

“சிப்பு நிறைவேத்துற ஒவ்வொரு கட்டளையையும், கிளிப்போட சேந்த லாஜிக் அனலைசர் கருவி எழுதிக் காட்டிருச்சு. ‘பேப்பர் வந்துச்சா’ன்னு அதையே திருப்பித் திருப்பிக் கேட்டுக்கிட்டு நிக்கி. பேப்பரைப் பாக்குற சென்சார் கண்ணை என்னமோ மறைக்கு.”

“ஏ ஆத்தா! ஆயுதபூசைக்கு முதலாளி சந்தனம் அப்புன இடம்லா அது!”

“அவருகிட்ட சொல்லிராதீக. சத்தமில்லாமத் தொடச்சுவிடுங்க, ஓடிரும். அடுத்த பூசைக்கு மட்டும் மிஷினுக்கு நெத்தி எது, கண்ணு எதுன்னு அவருக்கு முதல்லயே காட்டிருங்க.”