எலியேசரின் சாவிக்கொத்து

கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் அரிகிருஷ்ணன் அவர்களே, கணவரைப் பறிகொடுத்துவிட்டு முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தபீதாள் அம்மையார் அவர்களே, பம்மல் ஊனமுற்றோர் சங்கத் தோழர்களே! வணக்கம்.

எனக்கு அழ வராது, திட்டத்தான் வரும். நம் செயலாளர் எலியேசர் அவர்களை எண்பத்திரண்டாம் ஆண்டிலிருந்து திட்டிக்கொண்டிருந்தேன். இனி யாரைத் திட்டுவேன்?

தோல் தொழிற்சாலையில் காவலாளியாக இருந்தவர். வலிப்பு வந்து விழுந்தார், வேலை போயிற்று. கால் இல்லாதவனுக்குக் கட்டை சாட்சி; வலிப்புக்காரனுக்கு யார் சாட்சி? உதவித்தொகைக்குச் சான்றிதழ் தரும் மருத்துவக் குழுவின் முன்னால் நோய் ஒளிந்துகொள்ளும். நன்றாகத்தானே இருக்கிறாய் என்று அனுப்பிவிடுவார்கள். திரும்பி வரும் பஸ்ஸில் விழுவான்! எலியேசருக்குக் கடைசிவரை உதவித்தொகை கிடைக்கவில்லை. ஆனால் எத்தனை பேருக்குத் துணையாக ஆஸ்பத்திரிக்குப் போனார்!

போகும்போதெல்லாம் அரைஞாண் கயிற்றில் இந்தச் சாவிக்கொத்தைக் கட்டியிருப்பார். தொழிற்சாலையை இடித்தபின் மிஞ்சியது இதுதான். யார் விழுந்தாலும் கையில் திணிப்பார். இரும்பு வலிப்பை நிறுத்துமா, உனக்குமா இந்த மூடத்தனம் என்று கத்துவேன். ஒருநாள் சொன்னார்: "நிக்காதுன்னு தெரியும்ணா. கண்ணு முழிச்சா கைல சாவி கீதுல்ல? பக்கத்துல ஒரு ஆள் இருந்தான்னு தெரியும்ல?"

அதற்குப் பிறகும் திட்டினேன். ஆனால் குரல் இறங்கிவிட்டது.

இதோ, கனகவல்லி உட்கார்ந்திருக்கிறார். அவருக்கும் வலிப்புதான். புருஷன் இல்லை, இரண்டு குழந்தைகள். இரண்டு முறை திருப்பி அனுப்பப்பட்டவர். இந்த முறையும் இல்லையென்றால் இனி வராதே என்று சொல்லிவிட்டார்கள். ஆஸ்பத்திரிக்கு நேராக வந்து பக்கத்தில் உட்காருகிறேன் என்று எலியேசர் வாக்குக் கொடுத்திருந்தார்.

அன்று காலை பல்லாவரம் ஸ்டேஷனில் விழுந்த எலியேசர் எழவில்லை. கனகவல்லிக்கு அது தெரியாது. மத்தியானம் அவரை உள்ளே கூப்பிட்டார்கள். டாக்டர்களின் முன்னாலேயே வலிப்பு வந்தது. கண்ணால் பார்த்தார்கள், சான்றிதழ் கொடுத்தார்கள். சாயங்காலம் அவர் எலியேசர் வீட்டுக்கு ஓடி வருகிறார், சாவியைத் திருப்பிக் கொடுக்க! வாசலில் உடல் கிடக்கிறது.

"அண்ணன் பக்கத்துலதான் குந்திகினு இருந்தாரு. ஒண்ணும் பேசல. சாவிய கைல வெச்சாரு. சூடா இருந்துச்சு" என்றார். எலியேசர் இடுப்பிலிருந்து எடுத்தால் உடம்புச் சூட்டில் எப்போதுமே அப்படித்தான் இருக்கும்.

தபீதாள் அம்மையார் மெல்லச் சொன்னார்: "காலைல நான்தான் முடிச்சுப் போட்டேன். குளிப்பாட்டும்போது முடிச்சு அப்படியே இருந்துச்சு. சாவி இல்ல."

பேய் பிசாசு என்றால் முதலில் சிரிக்கிறவன் நான். எனக்குச் சிரிப்பு வரவில்லை, தோழர்களே!

அன்றிலிருந்து இதை யாரும் தொடவில்லை. படத்தின் முன்னால் ஒரு வாரமாகக் கிடக்கிறது. அடுத்த செவ்வாய்க்கிழமை நம் ரத்தினம் மருத்துவக் குழுவின் முன் உட்காருகிறார். யார் கூடப் போவது? நான் போகிறேன். அதற்கடுத்த ஆளுக்கும் போவேன். நான் விழுந்தால் நீங்கள் போங்கள். எலியேசருக்கு நாம் செய்யும் அஞ்சலி அதுதான்.

இதோ, உங்கள் எல்லோர் முன்னிலையிலும் சாவியை எடுக்கிறேன்.

தோழர்களே... சூடாக இருக்கிறது.