விறகுக் குவியலுக்குள் கிடந்த கணினிகள்

தலைமை நாற்காலியில் நெளிந்துகொண்டிருக்கும் கரைச் சங்கத் தலைவர் ஹோல்கர் அவர்களே! காற்றோடு மல்லுக்கட்டியே நரைத்த பெரியவர்களே! குச்சியில் சுற்றிச் சுட ரொட்டி மாவைப் பிசைந்து வைத்துவிட்டு நெருப்புக்குக் காத்திருக்கும் தாய்மார்களே! நிலத்துக்குள் நீண்டு புகுந்த இந்த ஃபியோர்டுக் கடல்நீரில் கயிறு தொங்கவிட்டுச் சிப்பி வளர்க்கும் தாக்மார் அம்மையாரே! அனைவருக்கும் என் நடுவேனில் வணக்கம்!

என்ன? "பேசினது போதும், பத்த வை பெரிசு" என்கிறீர்களா? பொறுங்கள். பந்தம் என் கையில்தான் இருக்கிறது.

நடுவேனில் தீக்காக அடுக்கிய இந்த விறகுக் குவியலைக் கொளுத்துகிற அன்று நாம் என்ன செய்வோம்? குவியலைப் புரட்டிப் போடுவோம். எதற்காக? உள்ளே குடியிருக்கும் முள்ளெலி வெந்துவிடக் கூடாதே என்பதற்காக! இன்று மத்தியானமும் ஒரு பக்கம் புரட்டினோம். முள்ளெலி வந்தது. அதன் பின்னால் வந்தது எது? கணினி! ஒன்றல்ல ஐயா, மூன்று!

அதில் ஒன்றைத் தாக்மார் தூக்கிப் பார்த்தார். "ஏம்ப்பா ஹோல்கர், இது உன் வீட்டுப் பொட்டியாச்சே! முள்ளெலிக்குப் படம் காட்டவா கொண்டாந்து வச்ச?"

தலைவர் முகம் சிவந்தது. "சிரிக்காத தாக்மார். என் கடுதாசி, பேங்க் சங்கதி எல்லாம் அதுக்குள்ள கெடக்கு. குப்பைக் கிடங்குல போட்டா எவன் கைக்குப் போகுமோ? எரிச்சாத்தான் நிம்மதி."

"உனக்கு நிம்மதி. எனக்கு? மேக்காத்து அடிச்சா இந்தச் சாம்பலெல்லாம் தண்ணிக்குள்ளதான். ஈயமும் விஷமும் கலந்த சிப்பிய யாரு வாங்குவா? என் பொழப்பையே எரிக்கப் பாத்தியே!"

நியாயமா, இல்லையா? சத்தமாகச் சொல்லுங்கள்!

பயம் தகவலுக்கா, பெட்டிக்கா? தகவலுக்கு! அது எங்கே இருக்கிறது? உள்ளே இருக்கும் வன்தட்டில்! தட்டைக் கழற்றினோம், துளைத்தோம், துளைத்தோம், சல்லடையாகத் துளைத்தோம். தட்டு, குப்பைக் கிடங்கில் பழைய மின்சாமான் சேர்க்கும் கூண்டுக்குப் போகட்டும். பெட்டியை எடுத்துக்கொண்டு பழுதுபார்க்கும் கடைக்குப் போனோம். "கெட்டது அந்தத் தட்டுதான், வேற போட்டா பல வருஷம் ஓடும்" என்றார்கள். தலைவர் வாங்கி வைத்த புதுக் கணினி, உறை பிரிக்காமல் நாளைக்கே கடைக்குத் திரும்புகிறது!

அட, கைதட்டலை அவருக்குக் கொடுங்கள்!

வாங்காதே என்றா சொல்கிறேன்? இல்லவே இல்லை. வாங்குமுன் கேள் என்கிறேன். இருப்பதைச் சரிசெய்ய முடியாதா? சரிசெய்து விற்கும் பழையது போதாதா? புதியதேதான் வேண்டுமா, அதன் மூடி திறக்குமா, பேட்டரி மாற்ற வருமா? ஒட்டி மூடிய பெட்டியைத் தலையில் கட்டப் பார்த்தால் கடையை விட்டு வெளியே வா!

உறவுகளே! முள்ளெலிக்கு இரங்கிய கை, பக்கத்து வீட்டுக்காரியின் பிழைப்புக்கு இரங்காதா? மறு பக்கம் இன்னும் புரட்டவில்லை. உள்ளே யார் எதை ஒளித்தீர்கள் என்று நான் கேட்க மாட்டேன். மத்தியானம் கிடைத்த மற்ற இரண்டையும் சேர்த்து, வந்து எடுத்துக்கொண்டு போங்கள். பேர் கேட்க மாட்டோம், பெட்டியைத்தான் கேட்கிறோம்!

இதோ, ஒருவர் எழுந்துவிட்டார்! அங்கே இன்னும் இரண்டு பேர்! தலைவரும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு இறங்குகிறார்! வழி விடுங்கள், வழி விடுங்கள்!

தாக்மார் அம்மையாரே, மேடைக்கு வாருங்கள். பந்தத்தை உங்கள் கையில் கொடுக்கிறேன். குவியல் சுத்தம் என்று நீங்கள் சொன்ன பிறகே இந்தக் கரையில் தீ எரியும்.

காது கொடுத்த உங்களுக்கும், கை கொடுக்கப் போகும் உங்களுக்கும் நன்றி. வணக்கம்!